கொடுத்துவிட்ட பிறகு யார் போய்ப் பார்க்கிறார்கள்?

கேள்வி: 20 ஜூலை 2025, கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு வாசகர்

பள்ளிக்கூடத்தில் காலையிலும் மதியமும் அரசே சோறு போடுகிறது. ரேஷனில் அரிசி இலவசம். மருத்துவத்துக்குக் காப்பீட்டு அட்டை இருக்கிறது. இவ்வளவும் வரிப்பணத்தில் நடக்கும்போது தனி ஆட்கள் தான தருமம் செய்வது எதற்கு? கொடுப்பவரின் மனத்திருப்திக்கும் புகைப்படத்துக்கும் தவிர, சமூகத்துக்கு அதனால் ஏதாவது பயன் உண்டா? வாங்கிப் பழகியவர்களைச் சோம்பேறிகளாக்குவதுதான் மிச்சம் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

20 ஜூலை, இரவு

மறுக்கிறேன், ஆனால் பாதியைத்தான். தருமபுரியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கெழுதுவது என் பிழைப்பு. சிறு அறக்கட்டளைகளின் ரசீதுப் புத்தகங்களும் செலவுச் சீட்டுகளும் ஆண்டுதோறும் மஞ்சள் பையில் கட்டப்பட்டு என் மேசைக்கு வந்துவிடும். அவற்றைப் புரட்டுகிறவனுக்கு ஒரு செய்தி கண்ணில் படாமல் போகாது. கட்டடம், நாற்காலி, நோட்டு, வேட்டி சேலை, பொங்கல் பை என்று வாங்கிக் கொடுத்த செலவுகள் பக்கம் பக்கமாக இருக்கும். கொடுத்த பொருள் பழுதானபோது சரிசெய்த செலவு என்று ஒரு வரிகூட இருக்காது. தருமத்தால் பயன் உண்டா என்று கேட்கிறீர்கள். கொடுத்துவிட்டு மறுபடியும் போய்ப் பார்த்த தருமத்தால் உண்டு. மற்றதில் பாதி வீண் என்பது என் எண்ணம்.

நோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடநூல், நோட்டு, சீருடை, புத்தகப்பை, காலணி ஆகியவற்றை அரசே கொடுக்கிறது. அப்படியிருந்தும் ஜூன் பிறந்தால் நன்கொடையாளர்கள் நோட்டுக் கட்டுகளோடுதான் பள்ளிக்குப் போகிறார்கள். அதே பள்ளியில் பெண் பிள்ளைகளின் கழிவறையைக் கழுவும் அம்மாவுக்குக் கூலி போதாமல் தலைமையாசிரியை தம் கைக்காசைச் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருப்பார். கழிவறைக் கூலியைக் கொடுத்துவிட்டு வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்ள முடியாது என்பதுதான் அதன் குறை.

21 ஜூலை

கேள்வியிலேயே ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் விரிந்தது. ஆனால் அது ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரைதான். உள்ளூர்த் தொடக்கப் பள்ளியில் காலையில் உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டுவந்த பிள்ளை, ஆறாம் வகுப்புக்காக ஏழு மணிப் பேருந்தைப் பிடிக்க ஓடத் தொடங்கும்போது அந்தச் சாப்பாடு நின்றுவிடுகிறது. வீட்டில் அம்மா ஆறு மணிக்கே பூப்பறிக்கப் போயிருப்பார். மதியச் சத்துணவு வரை அந்தப் பிள்ளைக்கு வெறும் வயிறுதான். அரசு எல்லாவற்றையும் செய்கிறது என்று நாம் நினைக்கும் இடத்தில் இப்படிப்பட்ட இடைவெளிகள் நிறைய உண்டு.

இன்னொன்று: அரசுத் திட்டம் ஒருபக்கம், தருமம் மறுபக்கம் என்று பிரிப்பது நம் மாநில வரலாற்றுக்கே ஒவ்வாது. காமராஜர் காலத்தில் 1956-ஆம் ஆண்டு மதிய உணவு தொடங்கப்பட்டபோது அது ஊர்மக்களின் பங்களிப்பையும் சேர்த்துத்தான் நடந்தது. நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராக இருந்த நாள்களில் ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் கூட்டப்பட்டு, கட்டடம், பெஞ்சு, கரும்பலகை என்று ஊராரே கொடுத்தார்கள். 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். ஊர்க்கொடையும் அரசுப் பணமும் சேர்ந்து நடத்திக் காட்டிய ஒன்று காலப்போக்கில் அரசின் கடமையாக நிலைத்தது என்பதுதான் நடந்த கதை. இன்றைய இடைவெளிகளை நாளைக்கு அரசு ஏற்றுக்கொள்ள வேண்டுமானால், அவற்றை இன்று யாராவது நடத்திக் காட்டியாக வேண்டும்.

24 ஜூலை, ஆடி அமாவாசை

சோம்பேறி என்ற சொல்லுக்கு இன்று பதில் எழுதுவதே பொருத்தம். காலையில் ஓர் அரசு மருத்துவமனையின் வாசல் வழியாக அலுவலகத்துக்கு வந்தேன். அமாவாசை என்பதால் அன்னதான வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. புளிசாதம், தயிர்சாதம், வெஜிடபிள் பிரியாணி என்று எல்லாம் இருந்தன. வாங்கிய பொட்டலத்தை வைத்துக்கொண்டே அடுத்த வண்டிக்கு வரும்படி அழைத்தார்கள். மதியத்துக்குள் பாதிச் சோறு நடைபாதை ஓரத்தில் கிடந்தது. இதே வாசலில் சாதாரணச் செவ்வாய்க்கிழமை மாலையில் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

அங்கே வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் யார் என்று பாருங்கள். நோயாளிக்கு உள்ளே உணவு உண்டு. கூட இருந்து பார்த்துக்கொள்ள வந்தவருக்குத்தான் இல்லை. வத்தல்மலையிலிருந்தும் கோட்டப்பட்டிப் பக்கத்திலிருந்தும் அன்றாடக் கூலியை விட்டுவிட்டு வந்து, படுக்கைக்குக் கீழே பாய் விரித்துப் படுக்கிற அண்ணனும் அத்தையும்தான் அவர்கள். வேலைக்குப் போக முடியாத காரணத்தால்தான் கையில் காசில்லை. இவர்களைச் சோறு சோம்பேறியாக்குகிறது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை இருக்கிறது. கடைக்காரர் பால் பாத்திரத்துக்குப் பின்னால் ஒரு மாதக் காலண்டரை மாட்டியிருக்கிறார். கட்டங்களில் பால்பாயின்ட் பேனாவால் பெயர்கள் எழுதப்பட்டிருக்கும். யாராவது வந்து, "அண்ணா, ஞாயிற்றுக்கிழமை பையன் பிறந்தநாள், சாப்பாடு போடலாம்னு இருக்கோம்" என்றால், அவர் காலண்டரைத் திருப்பிக் காட்டி, "ஞாயிறு நாலு பேர் இருக்காங்க, புதன் காலியா இருக்கு, புதன் வாங்க, பையனுக்கு ஆயுசு குறைஞ்சிடாது" என்பார். சிலர் கோபித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையே வருவார்கள். பலர் புதனுக்கு மாறிக்கொள்கிறார்கள். அவர் கையிலிருந்து ஒரு ரூபாய்கூடக் கொடுப்பதில்லை. டீ வியாபாரம் நன்றாக நடக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் இந்த ஊரில் தருமத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர் யார் என்று கேட்டால் நான் அவரைத்தான் காட்டுவேன். எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்பதைத் தினமும் பார்க்கிறவர் அவர் ஒருவர்தான்.

25 ஜூலை

மொய்யும் தருமம்தானே என்று காவேரிப்பட்டணத்து நண்பர் கேட்டிருக்கிறார். நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, இருபது வருடம் கழித்தும் திருப்பிச் செய்யாதவரைத் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வது தருமம் என்றால், என் அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் வட்டிக்கடையும் தரும சத்திரம்தான். இல்லாதவருக்குக் கொடுப்பது ஒன்றே ஈகை, மற்றவை திரும்பி வரும் என்று கணக்கிட்டுக் கொடுப்பவை என்று வள்ளுவர் 221-ஆம் குறளிலேயே முடித்துவிட்டார். மொய் நல்ல ஏற்பாடுதான்; திருமணச் செலவுக்கு வட்டியில்லாக் கடன். அதை அந்தக் கணக்கிலேயே வைத்துக்கொள்வோம்.

27 ஜூலை

நிறுவனங்கள் சட்டப்படி கொடுக்கிற பணமே போதுமே, தனி ஆட்கள் எதற்கு என்று கேட்ட ஓசூர் நண்பருக்கு.

2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் போன்ற பெரிய ஆலைகளை வைத்திருக்கும் ஓசூருக்கு இது பெரிய வரவு, மறுக்கவில்லை.

ஆனால் அந்தப் பணத்தின் இயல்பைக் கவனியுங்கள். தான் செயல்படும் வட்டாரத்துக்கு முன்னுரிமை கொடுக்கும்படி சட்டமே சொல்கிறது. ஆலை இருக்கிற இடத்துக்குப் பணம் வரும். ஆலை இல்லாத அரூர் மலைகளுக்கு அதே வேகத்தில் வராது. 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி, தொடர் திட்டம் என்பது தொடங்கிய ஆண்டைத் தவிர்த்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் நீளக்கூடாது. நிர்வாகச் செலவும் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தணிக்கைக்கு இந்த வரம்புகள் நல்லவை. ஒரு மாலைநேரப் படிப்பகத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் உள்ளூர்ப் பெண்ணுக்கோ நான்காவது ஆண்டு சம்பளம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அவற்றில் பதில் இல்லை. அப்படி ஒரு படிப்பகத்தின் கணக்கை நான் எழுதியிருக்கிறேன். மூன்று ஆண்டுகள் வரவு ஒழுங்காக இருந்தது. நான்காம் ஆண்டில் கணக்கையே மூட வேண்டியிருந்தது. மேசைகளும் கணினிகளும் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

27 ஜூலை, சற்றுப் பிறகு

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, நிறுவனங்கள் மேல் எனக்கு ஏதோ பகை என்று எண்ணிவிடாதீர்கள். தனி ஆள் கொடுப்பதிலும் இதே நோய்தான். பென்னாகரம் வட்டத்தில் என் சொந்த ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பள்ளியைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியில்லை என்றால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டிய தண்ணீரைச் சிறு வயதிலிருந்து குடித்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும். இன்னும் முற்றினால் எலும்பு இறுகி முதுகு வளையும். என் வயதொத்தவர்கள் பலர் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வது கூச்சத்தால் மட்டுமில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு ஃபுளோரோசிஸ் தடுப்பு என்ற பெயரும் சேர்ந்தே வைக்கப்பட்டது அதனால்தான். ஜப்பானியக் கடனுதவியில் கட்டப்பட்ட அத்திட்டம் 2013-இல் திறக்கப்பட்டது.

அதற்கு முன்பே, வெளியூரில் நல்ல நிலையில் இருந்த ஒருவர் அந்தப் பள்ளிக்குத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் வாங்கிக் கொடுத்தார். நல்ல மனிதர், தேவையும் உண்மையானது. இயந்திரத்தை விடப் பெரியதாகப் பளிங்குக் கல்லில் அவருடைய பெற்றோர் பெயர்கள் பொறிக்கப்பட்டன. நம் தண்ணீரின் கடினத்தன்மைக்கு முன்வடிகட்டியை அடிக்கடி மாற்ற வேண்டும். உப்பை வடிகட்டும் மெம்பரேன் என்ற சவ்வும் சில ஆண்டுகளில் அடைத்துக்கொள்ளும். முதல் மாற்றத்துக்கு ஆசிரியர்கள் பணம் போட்டார்கள். அடுத்ததற்குக் கேட்டபோது, முழு இயந்திரமே கொடுத்தாயிற்றே, இன்னும் என்ன என்ற பதில் வந்ததாம். போன மாதம் பார்த்தேன். கல் துடைத்து வைத்தாற்போல் இருக்கிறது. எவர்சில்வர் தொட்டியின் மேல் விளையாட்டுச் சாமான் மூட்டையை வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் இப்போது குடிப்பது காவிரித் தண்ணீர். அது வராத நாளில் பழைய ஆழ்துளைக் கிணறு.

30 ஜூலை

வருமான வரி பற்றி மூவர் கேட்டுவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நன்கொடைக்கு வருமான வரியில் கிடைக்கும் 80ஜி சலுகை பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான். புதிய முறைக்கு மாறியவர்களுக்குக் கிடையாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு இல்லை. அரிசியாகவோ துணியாகவோ கொடுத்தாலும் இல்லை. அறக்கட்டளை கொடுக்கும் வெறும் ரசீது போதாது. அவர்கள் வரித்துறையில் விவரம் பதிந்த பிறகு வரும் 10பிஇ சான்றிதழ் வேண்டும். வரிச்சலுகை இல்லை என்று தெரிந்ததும் நின்றுபோகும் கொடையை நான் அதிகம் பார்த்ததில்லை. கல்வெட்டு இல்லை என்று தெரிந்ததும் நின்றவற்றைப் பார்த்திருக்கிறேன்.

3 ஆகஸ்ட், ஆடிப்பெருக்கு

ஒகேனக்கல் நெரிசலுக்குப் பயந்து வீட்டிலேயே இருக்கிறேன். ஆகவே நீளமாக எழுத நேரமிருக்கிறது.

பழைய தகடூரான தருமபுரிக்காரர்கள் கொடை பற்றிப் பேசத் தொடங்கினால் அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனியில்தான் நிற்போம். அதியமான்கோட்டைக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போகிற ஆசிரியர்களும் அதையேதான் சொல்கிறார்கள். எனக்கு அதைவிட நெருக்கமானது புறநானூற்றின் 208-ஆம் பாட்டு. பெருஞ்சித்திரனார் மலைகளைக் கடந்து அதியமானிடம் பரிசில் கேட்டு வருகிறார். அவன் அவரை நேரில் பார்க்காமலே, இதைக் கொண்டு போகட்டும் என்று பொருளைக் கொடுத்தனுப்புகிறான். புலவர் வாங்க மறுத்துவிடுகிறார். என்னைக் காணாமல் கொடுத்த பொருளை வாங்கிப்போக நான் வாணிகப் பரிசிலன் இல்லை. என் தகுதியை அறிந்து விரும்பிக் கொடுத்தால் தினையளவாக இருந்தாலும் அது இனியது என்கிறார். கடையெழு வள்ளல்களில் ஒருவனிடமே, அதுவும் பசியோடு வந்தவர் இப்படிச் சொன்னார் என்பதுதான் ஆச்சரியம். கொடுத்தால் போதாது, வாங்குகிறவனைப் பார்க்கவும் வேண்டும் என்பதை வாங்க வந்தவரே கேட்டுப் பெறுகிறார். பாட்டைத் தொகுத்தவர்களும் அதைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

4 ஆகஸ்ட்

அரூரிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கும் மறுப்பு நேற்றைய குறிப்பைக் கொஞ்சம் அசைத்துவிட்டது. அவர் கணவர் இறந்த பிறகு, பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்தை யாரோ கட்டினார்களாம். யார் என்று இன்றுவரை தெரியாதாம். "தெரிந்திருந்தால் அவர் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் போய் நான் பாத்திரம் கழுவ வேண்டியிருந்திருக்கும். தெரியாததால் தலை நிமிர்ந்து நடந்தேன்" என்கிறார். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். அந்த முகம் தெரியாதவர் கல்லூரியில் எந்தத் தேதிக்குள் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு ஒவ்வொரு பருவமும் கட்டியிருக்கிறார். இவர் நிலையை அவர் நன்றாகவே பார்த்திருக்கிறார், தன்னைத்தான் காட்டிக்கொள்ளவில்லை. பெருஞ்சித்திரனார் கேட்டது கொடுப்பவனின் கவனத்தை. இன்று சால்வையும் பதாகையும் பிடித்து எடுக்கிற படத்தில் வாங்குகிற கிழவியின் முகம் ஊர் முழுக்கத் தெரிகிறது. அவருடைய வீட்டில் கூரை ஒழுகுவது கொடுத்தவருக்குக்கூடத் தெரியவில்லை.

6 ஆகஸ்ட்

போன டிசம்பரை யாரும் குறிப்பிடவில்லையே. ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் பெய்தது. சாலையோரம் நின்ற வண்டிகள் ஏரித் தண்ணீரில் உருண்டு போனதை நாடே காணொளியில் பார்த்தது. கடலோரத்துக்கு நிவாரணம் அனுப்பியே பழகிய நாம் முதல்முறையாக வாங்கும் வரிசையில் நின்றோம். லாரியில் வந்த பழைய துணி மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தபோது சங்கடமாக இருந்தது: கிழிந்த ஜாக்கெட், ஒற்றைக் கால் செருப்பு, ஜிப் போன பேண்ட். சேற்றில் மூழ்கிய இரு சக்கர வண்டிகளைத் தெருவிலேயே உட்கார்ந்து பிரித்து, எண்ணெய் மாற்றி, கூலி வாங்காமல் ஓட்டிக் காட்டிய மெக்கானிக் பையன்கள்தான் அந்த வாரம் பெரிய கொடை செய்தவர்கள். வண்டி ஓடினால் மறுநாள் வேலைக்குப் போகலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

9 ஆகஸ்ட்

நல்ல எடுத்துக்காட்டே இல்லையா என்று கேட்கிறீர்கள். நம் தருமபுரி மாவட்டத்துச் சிட்லிங்கியைப் பாருங்கள். 1993-இல் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற மருத்துவத் தம்பதியர் அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு குடிசையில் மருத்துவம் பார்க்கத் தொடங்கினார்கள். வந்த கொடைகளைக் கட்டடத்தில் மட்டும் கொட்டாமல், அங்கேயே பிறந்த மலையாளி என்ற பழங்குடிப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சுகாதாரப் பணியாளர்களாக்கினார்கள். பிறகு அது இயற்கை வேளாண்மைக்கும் லம்பாடிப் பெண்களின் தையல் வேலைக்கும் விரிந்தது. நான் கணக்கெழுதும் அறக்கட்டளைக்காரர்களில் சிலர் போய்ப் பார்த்துவிட்டு, மருத்துவமனை சிறியதாக இருக்கிறதே என்று ஏமாந்து திரும்பினார்கள். சம்பளமாகவும் பயிற்சியாகவும் மாறிய பணம் கண்ணுக்குத் தெரியாது.

10 ஆகஸ்ட்

அப்பாவின் நினைவாகத் தாம் படித்த பள்ளிக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுக்க நினைக்கும் காரிமங்கலத்துத் தம்பிக்கு.

முகப்பு வளைவு வேண்டாம். நம் முன்னோர் கோயிலில் ஒரு விளக்கு எரிய வேண்டும் என்று நினைத்தபோது விளக்கை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. நெய்க்காகப் பெரும்பாலும் 96 ஆடுகளையும் சேர்த்துக் கொடுத்து, அந்த எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் ஒருவரிடம் ஒப்படைத்தார்கள். சோழர் கல்வெட்டுகள் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்கின்றன. ஏரி வெட்டியவர்கள் அதைத் தூர்வார ஏரிப்பட்டி என்று நிலமும் விட்டார்கள். நீங்களும் அப்படிச் செய்யலாம்.

முதலில் தலைமையாசிரியரையும், அவரைவிட முக்கியமாகச் சத்துணவு அம்மாவையும் பார்த்து, ஆண்டுதோறும் எது பாதியில் நின்றுபோகிறது என்று கேளுங்கள். பணத்தை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டுவிடுங்கள். 7 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 7,000 ரூபாய் வரும். அசலைத் தொட முன்னாள் மாணவர்கள் இருவரின் கையெழுத்தும் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானமும் வேண்டும் என்று எழுதிவையுங்கள். 2022-இல் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளித் திட்டத்தின் வழியாகவும் குறிப்பிட்ட பள்ளிக்குக் கொடுக்கலாம்; ஆனால் அது பெரும்பாலும் ஒருமுறைச் செலவுகளுக்கே பொருந்தும். வட்டி முழுவதையும் செலவழிக்காமல் ஆயிரம் ரூபாயாவது ஆண்டுதோறும் அசலோடு சேருங்கள், ஏனென்றால் வடிகட்டியின் விலையும் கூலியும் ஏறிக்கொண்டேதான் போகும். பெயர்ப்பலகை வைத்தே தீர வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால் வையுங்கள். அதில் அப்பாவின் பெயருக்குக் கீழே, பழுதானால் அழைக்க வேண்டிய உங்கள் தொலைபேசி எண்ணையும் எழுதிவிடுங்கள்.